மெல்லப் பாடும் பெட்டி

ஒருவன் தன் வீட்டில் இருந்து கித்தார் வாசிக்க ஆசைப்பட்டால், அவன் முதலில் ஆராய வேண்டியது கித்தாரை அன்று, வீட்டைத்தான். இந்தச் சிறிய உண்மையைத் தெரிந்துகொள்ள, பௌதிகத்தில் முதுகலை பயிலும் எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. "ஆம்ப் வாங்குவது எப்படி என்று மன்ற மலருக்கு எழுது; விடுதியில் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்" என்றார் மலரின் ஆசிரியர். எழுதுகிறேன். ஆனால் கதை கடைத்தெருவோடு நிற்கவில்லை. அதற்கு அந்த நால்வரும் என்னைப் பொறுத்தருள வேண்டும்.

முதலில் வீடு. ஓசூர்ச் சாலை வழியே தர்மபுரிக்கும் சேலத்துக்கும் விடுமுறையில் ஓடும் நம் நண்பர்கள் பலர், பொம்மசந்திரத்தைக் கடந்ததும் வரும் சந்தாபுராவைப் பேருந்தின் சன்னல் வழியே பார்த்திருப்பர், இறங்கியிருக்க மாட்டார்கள். அங்கே ஆனேக்கல் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், மாடியில், இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டுமாக எங்கள் குடியிருப்பு. ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 2010-இல் நாங்கள் வந்து இறங்கிய அதே வீடு. கீழே வீட்டுக்காரம்மா. இடப்பக்கச் சுவருக்கு அப்பால் பி.யு.சி. தேர்வுக்குப் படிக்கும் ஒரு பையன். சுவரோ உள்ளே பொள்ளலான சிமெண்டுக் கட்டிகளால் ஆனது. அவன் இரசாயனம் மனப்பாடம் செய்வதைக் கேட்டுக் கேட்டு என் தங்கைக்கே பாதி இரசாயனம் வந்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலாக என் அப்பா. தொழிற்பேட்டையில் தகடு அடிக்கும் பிரஸ் இயந்திரத்தில் அவருக்கு வேலை. பெரும்பாலும் இரவு முறை. காலை ஏழரைக்கு வந்து, குளித்து, உண்டு, பிற்பகல் மூன்று மணி வரை உறங்குவார். ஊர் விழித்திருக்கும் வேளை எங்கள் வீட்டுக்கு நள்ளிரவு. அந்த வேளையில் மிக்ஸியைக் கூட அம்மா ஓட விடமாட்டார். இப்படிப்பட்ட வீட்டில் மின்கித்தார் வாசிக்கப் புறப்பட்டவன் நான்!

கித்தாரைக் கல்லூரி இறுதியாண்டில் பழையதாக வாங்கியிருந்தேன். மின்கித்தாருக்குத் தன் குரல் என்று ஒன்று கிடையாது. பெட்டியில் இணைக்காமல் வாசித்தால் கொசு ரீங்காரம் போலக் கேட்கும். கம்பியின் அதிர்வைக் காந்தமும் சுருளும் சேர்ந்து மிகச் சிறு மின்னோட்டமாக மாற்றுகின்றன. அதை வளர்த்து ஓசையாக்கித் தருவது ஆம்ப் என்னும் ஒலிபெருக்கிப் பெட்டி. ஆனால் நம் கோயில் திருவிழா ஒலிபெருக்கியைப் போலக் கொடுத்ததை அப்படியே பெருக்குவது அன்று இதன் தொழில். பெண்டர், வாக்ஸ், மார்ஷல் என்னும் பழைய வால்வுப் பெட்டிகள் யாவும் தத்தம் குணத்தை ஓசையில் ஏற்றின. வால்வை அதன் எல்லைக்கு மேல் விரட்டினால் அலையின் முடி மழுங்கும். மழுங்கிய அலையிலிருந்து புதிய மேற்சுரங்கள் பிறக்கும். ராக் இசையின் அந்தக் கரகரப்பான இனிமை, உண்மையில் ஒரு பெட்டி தன் சக்திக்கு மீறி உழைக்கும் முனகல்தான்.

இதில்தான் வில்லங்கம். முனக வைக்க வேண்டுமானால் உரக்க வைக்க வேண்டும். 5 வாட் வால்வுப் பெட்டியே முழுமூச்சில் பாடினால் ஒரு மீட்டர் தொலைவில் 100 டெசிபெலைத் தாண்டிவிடும். 2000-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஒலி மாசு விதிகளோ, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 என்று எல்லை வகுத்திருக்கின்றன. அந்தக் கணக்குப்படி என் அம்மா என்னைச் சாப்பிட அழைக்கும் குரலே சட்ட விரோதமானது.

இந்த முடிச்சை அவிழ்க்க வந்ததே மாடலிங் ஆம்ப். கித்தாரின் சமிக்ஞையை எண்களாக மாற்றி, இன்ன வால்வு இன்னவாறு மழுக்கும், இன்ன பெட்டியின் கூம்பு இன்னவாறு வடிகட்டும் என்பதைக் கணிதமாகச் செய்துகாட்டி, பிறகு சாதாரண டிரான்சிஸ்டர் பெருக்கியில் வெளியே விடுகிறார்கள். லைன் 6 என்ற அமெரிக்க நிறுவனம் 1996-இல் இத்தகைய எண்முறைப் பெட்டியைக் கொணர்ந்தது. இரண்டாண்டு கழித்து அவர்களே வெளியிட்ட சிவப்பு நிற, அவரைக்கொட்டை வடிவிலான பாட் என்ற சிறு கருவி உலகெங்கும் பரவியது. இன்று ஒரே பெட்டிக்குள் இருபது முப்பது பழம்பெட்டிகள் குடியிருக்கின்றன. நகல் அசலுக்கு ஈடாகுமா என்பது பற்றி நம் விடுதியில் நடக்கும் சண்டை, கம்பனா வள்ளுவனா என்ற பட்டிமன்றத்தை விட நீளமானது. நான் அதில் இறங்கப் போவதில்லை. குணமும் உரப்பும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருந்த பழைய கட்டை இது அறுத்துவிட்டது. வீட்டில் வாசிப்பவனுக்கு அது போதும்.

மின்கருவி என்றாலே இரைச்சல் என்பார்க்கு ஒரு சொல். யு. ஸ்ரீநிவாஸ் மாண்டலினில் கருநாடக இசையை வாசித்தது மின்பெட்டியின் துணைகொண்டே. அவருடைய ஆலாபனையைக் கேட்டவர் யாரும் அதை இரைச்சல் என்று சொல்ல மாட்டார்.

நிற்க. கடைக்குப் போகுமுன் வாட் கணக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 50 வாட் பெட்டி அரை வாட் பெட்டியை விட நூறு மடங்கு உரக்கக் கேட்கும் என்று எண்ணாதீர்கள். சக்தி நூறு மடங்கானால் ஏறுவது 20 டெசிபெல். பத்து டெசிபெல் ஏற ஏறக்குறைய இரு மடங்கு உரப்பு என்று கொள்வது நம் செவி. ஆக நூறு மடங்கு சக்தி காதுக்கு நான்கு மடங்காகத்தான் படும். அரை வாட் என்பதும் ஒரு சிற்றறையில் அற்பம் அன்று.

மற்றொன்று, இதைவிட முக்கியமானது. பெல் ஆய்வுக்கூடத்தில் பிளெட்சர், மன்சன் என்னும் இருவர் 1933-இல் காட்டியபடி, ஒலி குறையக் குறைய நம் செவி கீழ்ச்சுரங்களை முதலில் கைவிடுகிறது. மிக உச்சத்து ஓசைகளிலும் மந்தமாகிறது. கடையில் உரக்கக் கேட்டபோது யானை போலிருந்த பெட்டி, வீட்டில் அடக்கி வைத்தால் ஆட்டுக்குட்டியாவது இதனால்தான். ஆகவே கடைக்காரர் வெட்கப்பட்டாலும் சரி, நீங்கள் வெட்கப்பட்டாலும் சரி, வீட்டில் எவ்வளவு ஓசை வைக்க முடியுமோ அவ்வளவே வைத்துக் கேளுங்கள். பக்கத்தில் நிற்பவர் இயல்பான குரலில் பேசுவது கேட்க வேண்டும். அந்த அளவில் எது நன்றாக இருக்கிறதோ அதுவே உங்கள் பெட்டி.

என் கையில் இருந்தது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த 14,000 ரூபாய். நண்பர்கள் மூன்று பெயர்களைச் சொன்னார்கள். யமஹா 2011-இல் தொடங்கிய டி.எச்.ஆர். வரிசை, எண்சாண் உடம்புக்குச் சிரசு போல மேசைமேல் அமர்வதற்கென்றே செய்தது. பாஸ் நிறுவனத்தின் கட்டானா 50, 12 அங்குல ஒலிக்கூம்பு உடையது. 50, 25, அரை வாட் என்று சக்தியைக் குறைத்துக்கொள்ளும் திருகு அதில் உண்டு. பெண்டர் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட மஸ்டாங் எல்.டி. 25, 8 அங்குலக் கூம்போடு எளிமையானது. முதல் இரண்டும் புதிதாக வாங்க என் பணம் எட்டாது. மூன்றாவதைக் கோரமங்கலாவில் அறை எடுத்திருந்த நண்பன் ஒருவன் வைத்திருந்தான். புனேயில் வேலை கிடைத்து அவன் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரம். "ஒரு வாரம் வைத்துப் பார், பிடித்தால் 9,000 கொடு" என்றான்.

பெட்டி வீட்டுக்கு வந்தது. அம்மா அதை ஒரு முறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது எங்க வைக்கறது?" என்றார். எங்கள் வீட்டில் எந்தப் பொருளுக்கும் கேட்கப்படும் முதற் கேள்வி அதுதான்.

நான் விஞ்ஞான மாணவன் அல்லவா? பரிசோதனை செய்யாமல் பணம் கொடுக்க மனம் வரவில்லை. என் ஓசை அப்பாவின் அறைக்குள் எவ்வளவு புகுகிறது என்பதை அளந்துவிட எண்ணினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. அன்று அவருக்கு ஓய்வு நாள். கைப்பேசியில் தூய சுரங்களை எழுப்பும் செயலி ஒன்றை இறக்கி, அதைப் பெட்டியோடு இணைத்தேன். அப்பாவை அடுத்த அறைக் கட்டிலில் உட்கார வைத்து, "ஓசை கேட்கும் போதெல்லாம் சுவரை ஒரு தட்டுத் தட்டுங்கள்" என்றேன். அவரும் பள்ளிக்கூடப் பிள்ளை போல ஆர்வத்தோடு உட்கார்ந்தார்.

100 அதிர்வெண். டக். 250. டக். 500, 1000: உடனுக்குடன் டக், டக். 2000-க்குச் சற்றே தாமதித்து ஒரு தட்டு. 3000-க்கு ஒலியைக் கூட்டிய பின் ஒன்று. 4000-க்குத் தட்டே இல்லை. மேலும் கூட்டினேன், இல்லை. எனக்கோ மகிழ்ச்சி. கீழ்ச்சுரங்கள் சுவரைத் துளைத்துப் போகும், மேற்சுரங்கள் தடுக்கப்படும் என்பதுதானே பாடம்? குறிப்பேட்டில் அழகாக ஒரு கோடு வரைந்து, அப்பாவை எழுப்பி விடலாம் என்று, சுரத்தை நிறுத்தாமலே அடுத்த அறைக்குப் போனேன்.

அங்கே அந்த ஓசை, திறந்த கதவு வழியாகச் சீழ்க்கை போலக் கணீரென்று கேட்டுக்கொண்டிருந்தது. சமையற்கட்டு வாசலில் தங்கை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். அப்பா, மடக்கிய விரலைச் சுவருக்கு அருகே வைத்தபடி, அடுத்த சுரத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"என்னாடா, முடிஞ்சதா?" என்றார்.

எனக்குச் சட்டென்று விடை வரவில்லை. "முடிந்தது அப்பா" என்று சொல்லிப் பெட்டியை அணைத்தேன்.

அதன் பிறகு பழைய நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அம்மா "பசிக்குதா?" என்று கேட்டால் அவர் "ஆமாம், உள்ளே படிக்கிறான்" என்பார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். தங்கையின் மெல்லிய குரலுக்கு அவர் திரும்பாவிட்டால், தூக்கக் கலக்கம் என்போம். தொலைக்காட்சியை அவர் உரக்க வைத்தால், பிடிவாதம் என்போம். இரைச்சலில் நெடுங்காலம் உழைப்போரின் செவி முதலில் தேய்வது 4000 அதிர்வெண்ணை ஒட்டித்தான் என்பதை நான் இளங்கலை முதலாண்டிலேயே படித்திருந்தேன். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ச, ஸ போன்ற ஒலிகளின் கூர்மை அந்த மேல்வட்டாரத்தில்தான் இருக்கிறது. ‘பசி’ என்பதில் சகரம் கரைந்துவிட்டால் எஞ்சியதை அவர் ஊகித்துத்தானே ஆக வேண்டும்? பதினைந்து ஆண்டுகளாக அவர் எங்களை ஊகித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

காது மருத்துவரிடம் போனோம். கண்ணாடி அறையில் உட்கார வைத்துச் சோதித்து, ஒரு படம் வரைந்து கொடுத்தார்கள். சமமாக வந்த கோடு 4000-இல் கிணற்றுக்குள் இறங்குவது போல் இறங்கி, 8000-இல் சிறிது ஏறி வந்தது. இரு காதும் ஒன்றுபோலவே. உட்செவியில் மடிந்த மயிரணுக்கள் மனிதனுக்கு மீண்டும் முளைப்பதில்லை. இருப்பதைக் காப்பதுதான் வழி, தேவை மிகுந்தால் செவிக்கருவி வைத்துக்கொள்ளலாம் என்றார் மருத்துவர். அப்பா அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்குக் கேக்குதேப்பா. நீங்கதான் இப்பல்லாம் மெதுவா பேசறீங்க" என்றார்.

தொழிற்சாலையில் செவியடைப்பான் கொடுக்கிறார்களா என்று விசாரித்தேன். கொடுக்கிறார்களாம். சட்டைப் பையிலிருந்து எடுத்தே காட்டினார். இரண்டு மஞ்சள் பஞ்சுக் குச்சிகள், உறை பிரிக்காமல். "இத வெச்சிக்கிட்டா மேஸ்திரி கூப்பிடறது கேக்காது. இயந்திரம் சத்தம் மாறினாலும் தெரியாது. கை போயிடும்டா" என்றார். காதா கையா என்று ஒரு மனிதன் இரவெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, நான் சுவரைத் துளைக்கும் அலைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன்.

கித்தாரும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம், பணத்தைச் செவிக்கருவிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. "கருவிக்கு நான் பாத்துக்கறேன். நீ வாங்கறத வாங்கு. எனக்குக் கேக்கற மாதிரி ஒண்ணு வாங்கு" என்றார். இந்தக் கடைசி வாக்கியம் என் ஆராய்ச்சி முழுவதையும் தலைகீழாக்கியது. அதுவரை நான் தேடியது அவருக்குக் கேளாத பெட்டி!

அடுத்த ஞாயிறு அவரே என்னோடு புறப்பட்டார். பொம்மசந்திரத்திலிருந்து, 2025 ஆகஸ்டில் தொடங்கிய மஞ்சள் தட மெட்ரோவில் ஏறி நகரத்துக்குள் ஒரு கடைக்குப் போனோம். "ஏனு பேக்கு சார்?" என்ற பையனிடம் அப்பா சரளமான கன்னடத்தில், "என் மகன் வாசிப்பான், நான் கேட்க வேண்டும், அதற்கு ஏற்றதைக் காட்டு" என்றார். பையன் கட்டானாவை இயக்கினான். உரத்த கரகரப்பை வைத்ததும் அப்பா முகம் சுளித்தார். "இது நம்ம பிரஸ் ஷாப்" என்றார். அரை வாட்டுக்கு இறக்கி, தெளிந்த ஓசையில் மெதுவாக வாசித்தேன். "இது நெஞ்சில படுது" என்றார். டி.எச்.ஆரை, "நல்ல ரேடியோ" என்றார். இரண்டின் விலையையும் கேட்டுவிட்டு, பையனுக்கு நன்றி சொல்லிக் கையைக் கூப்பினார். வெளியே வந்து தேநீர் குடித்தோம்.

அன்று கடையில் நான் கவனித்தது ஒன்று உண்டு. வாக்ஸ் ஏ.சி. 30-ஐப் போன்ற பளிச்சென்ற குணத்தில் வாசித்தால், "எங்கேயோ தூரத்தில போகுது" என்றார். பெண்டர் டீலக்ஸ் ரிவர்ப்பைப் போன்ற உருண்ட குணத்தில், கழுத்துப் பக்கத்துச் சுருளைக் கொண்டு வாசித்தால், ஒவ்வொரு சுரமும் அவருக்குத் தெளிவாகப் பட்டது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது காரணம் விளங்கியது. கித்தாரின் அடிக்கம்பி 82 அதிர்வெண். மேல்கம்பியின் கடைசிக் கட்டையில் கூட 1,200 அளவில்தான் அடிச்சுரம் நிற்கிறது. கித்தார்ப் பெட்டியின் கூம்பு 5000-க்கு மேல் தானாகவே அடங்கிவிடுகிறது. அப்பாவின் செவியில் இயந்திரம் தோண்டிய கிணறு அந்தச் சுரங்களுக்கெல்லாம் மேலே இருக்கிறது. பேச்சில் இழந்ததைப் போல இசையில் அவர் இழக்கவில்லை. எத்தனையோ வாத்தியங்கள் இருக்க, நான் எடுத்தது கித்தாராக அமைந்தது வெறும் தற்செயல்தான். ஆயினும் அன்றிரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

நண்பனுக்கு 9,000 கொடுத்தேன். எஞ்சிய பணத்தில், காதை முழுதும் அடைக்காமல் இரைச்சலை மட்டும் ஓரளவு சமமாகக் குறைக்கும் செவியடைப்பான் ஒரு ஜோடி வாங்கினேன். பேச்சு ஓரளவு கேட்கும். அதை அவர் அணிகிறாரா? வாரத்தில் சில நாள் அணிவதாகச் சொல்கிறார். சில நாள் என்பது எத்தனை நாள் என்று நான் இன்னும் கேட்கவில்லை.

விடுதி நண்பர்களுக்கு இரண்டு குறிப்பு. பெட்டியை நேரே தரையில் வைக்காதீர்கள். கீழ்ச்சுரங்கள் தளத்தின் வழியே இறங்கிக் கீழ்வீட்டுக்குப் போகும். நான் பழைய தேங்காய் நார் மெத்தையின் ஒரு துண்டை மடித்து அடியில் வைத்திருக்கிறேன். வீட்டுக்காரம்மாவிடமிருந்து இதுவரை ஒரே ஒரு புகார்தான் வந்திருக்கிறது. அதுவும் மாடியில் துணி காயப் போடுவதைப் பற்றி. பகலில் அப்பா உறங்கும்போது காதுப்பொறி மாட்டி வாசிக்கிறேன். அப்போதும் உரப்பை அடக்கியே வைக்கிறேன். அந்தக் கோட்டுப் படம் என் மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலைதான் எங்கள் கச்சேரி. ‘பயணங்கள் முடிவதில்லை’ படம் 1982-இல் வந்தபோது அப்பாவுக்குப் பத்து வயது. ஊத்தங்கரைப் பக்கத்துக் கொட்டகையில் மணலில் உட்கார்ந்து பார்த்தாராம். அதில் வரும் நிலாப் பாட்டின் கித்தாரை வாசிக்கச் சொல்வார். என் விரல்கள் அந்த வேகத்துக்கு இன்னும் பழகவில்லை. நடுவில் தடுக்கி விழுந்து எழுந்துதான் வாசிக்கிறேன். அம்மா சமையற்கட்டிலிருந்து ஏதோ கேட்கிறார். அப்பா அதற்குத் திரும்புவதில்லை. தங்கை போய் அவர் தோளைத் தொட்டுச் சொல்கிறாள். இப்போது அதற்கு நாங்கள் சிரிப்பதில்லை.

"கொஞ்சம் சத்தமா வையேன்டா" என்பார் ஒவ்வொரு முறையும்.

நான் திருகைத் தொடுவதில்லை. எழுந்துபோய், பெட்டியை நார் மெத்தையோடு சேர்த்து, அவர் நாற்காலிப் பக்கம் ஒரு முழம் நகர்த்தி வைக்கிறேன்.